அத்தியாயம் 5: மதர்போர்டைக் கேபினட்டில் உட்கார வைத்தல்

மதர்போர்டைக் கேபினட்டுக்குள் பொருத்தும் வேலைக்கு அடிப்படை விதி ஒன்றே ஒன்று. போர்டின் ஸ்க்ரூ துளைகள் இருக்கும் இடங்களில் அது கேபினட்டோடு இறுகச் சேர்ந்திருக்க வேண்டும். மற்ற எந்த இடத்திலும் கேபினட்டின் தகரம் அதன்மேல் படவே கூடாது. இந்த அத்தியாயத்தில் வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த விதியிலிருந்து கிளைத்தவைதான். போர்டைப் புரட்டிப் பாருங்கள். பின்பக்கம் முழுக்க ஈயம் வைத்த முனைகள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் ஓடும்போது அவற்றில் பலவற்றில் 12, 5, 3.3 வோல்ட் மின்சாரம் இருக்கும். அப்படி ஒரு முனை தகரத்தில் பட்டாலே ஷார்ட். அதைத் தடுக்கத்தான் போர்டுக்கும் தகரத்துக்கும் நடுவே சுமார் 6 மி.மீ. உயரத்தில் பித்தளைக் கால்களை நிறுத்துகிறோம். கடையில் ஸ்டாண்ட்ஆஃப் என்று கேட்டால் கொடுப்பார்கள். இப்போது அதே போர்டின் ஸ்க்ரூ துளைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு வளையம், சில போர்டுகளில் புள்ளிக்கோலம் போலச் சிறு புள்ளிகள். அதுதான் போர்டின் கிரவுண்டு. ஸ்க்ரூவின் தலை அந்த வளையத்தில் அமர்ந்து, பித்தளைக் கால் வழியாகக் கேபினட்டோடும், அங்கிருந்து எஸ்எம்பிஎஸ் வழியாக வீட்டு எர்த்தோடும் போர்டைச் சேர்க்கிறது. விலக்குவதும் சேர்ப்பதும் ஆகிய இரண்டு வேலைகளையும் ஒரே பித்தளைக் கால் செய்கிறது. பொருத்துவதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால் வருபவை.

கடையிலேயே போட்டுத் தருகிறார்களே?

திருச்சியில் வாங்கினால் அசெம்பிள் செய்தே தருகிறார்கள், முசிறியில் இருப்பவர் இதை ஏன் கற்க வேண்டும் என்று கேட்கலாம். முதல் முறைக்கு அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு கேபினட் அதன் ஆயுளில் ஒரு முறை மட்டும் திறக்கப்படுவதில்லை. போர்டு பழுதாகும், கேபினட் துருப்பிடிக்கும், பழைய கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகளைப் புதுப் பெட்டிக்கு மாற்ற வேண்டி வரும். ஒவ்வொரு முறையும் காவிரியின் வடகரையோரமாக 40 கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போய் வருவது, ஜெராக்ஸ் கடையோ ஆன்லைன் விண்ணப்பக் கடையோ நடத்துகிறவருக்கு ஒரு முழு நாள் வருமானம். இன்னொரு காரணமும் இருக்கிறது. எப்படிப் பொருத்த வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான், பிறர் பொருத்தித் தந்தது சரியா என்று பார்க்கத் தெரியும். பக்கக் கதவைக் கழற்றிப் போர்டின் ஸ்க்ரூக்களை எண்ணினாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

இடமும் நேரமும்

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான வழிகாட்டிகள் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. கம்பளி உடை, தரைவிரிப்பு, வறண்ட குளிர்காலக் காற்று என்று அவை எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது, நம் ஊருக்குப் பொருந்தாது என்று தள்ளவும் கூடாது. உடம்பில் தேங்கும் மின்னேற்றம் சுமார் 3,000 வோல்ட்டை எட்டினால்தான் விரலில் சுரீரென்று நமக்குத் தெரியும். நுண்ணிய சிப்புகள் சிலவற்றைக் கெடுக்க நூறு வோல்ட்டே போதும். ஆகவே "எனக்கு ஒன்றும் அடிக்கவில்லையே" என்பது சாட்சியாகாது. கத்திரி வெயில் மதியத்தில் நம் காற்றும் வறண்டதுதான். ஏசி அறை இன்னும் வறண்டது. பாலியஸ்டர் சட்டையும் பிளாஸ்டிக் பாயும் சேர்ந்தால் மின்னேற்றத்துக்கு வேறு எதுவும் தேவையில்லை. பருத்தி உடை உடுத்துங்கள். தரையில் உட்கார்ந்து வேலை செய்வதில் தவறே இல்லை. முசிறியைச் சுற்றிக் கோரைப் பாய்க்குக் குறைவில்லை; காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்திருக்கும் அந்தத் தாவர நார், பிளாஸ்டிக் பாயைப் போல மின்னேற்றத்தைத் தேக்குவதில்லை.

நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதுதான் வியர்வை. குனிந்து வேலை செய்யும்போது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் அது உப்புத் தண்ணீர். துடைத்த பிறகும் உப்பு தங்கி, ஈயப் பொட்டுகளுக்கு நடுவே மெதுவாக அரிக்கும். அதனால் காலை ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். தோளில் ஒரு பருத்தித் துண்டு கிடக்கட்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். கழுத்துச் சங்கிலியைக் கழற்ற முடியாதவர்கள் உடைக்குள் செருகிக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லாத போர்டிலும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட்டோடு உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ப்ளக்கைப் பிடுங்குவதா, சுவிட்சை அணைத்தால் போதுமா?

இதில் அனுபவசாலிகளிடையே உண்மையான கருத்து வேறுபாடு உண்டு. ப்ளக்கைச் செருகியபடியே சுவிட்சை மட்டும் அணைத்து வைத்தால், கேபினட் எர்த்தோடு இணைந்திருக்கும், அதைத் தொடும்போது நம் மின்னேற்றம் மண்ணுக்கு வடிந்துவிடும் என்பது ஒரு தரப்பு. கோட்பாட்டளவில் இது சரி. மூன்று முள் ப்ளக்கில் எர்த் முள்ளைத் தடிப்பாகவும் நீளமாகவும் வைத்திருப்பதே, செருகும்போது அது முதலில் தொட வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் இந்த யோசனை நம் வீடுகளைப் பற்றி மூன்று விஷயங்களை நம்பச் சொல்கிறது: எர்த் கம்பி உண்மையிலேயே குழி வரை போகிறது, சுவிட்ச் ஃபேஸ் கம்பியில்தான் போடப்பட்டிருக்கிறது, வேலை நடக்கும்போது வீட்டில் யாரும் அந்தச் சுவிட்சைத் தட்டிவிட மாட்டார்கள். இந்த மூன்றையும் உறுதியாகச் சொல்லக்கூடிய வீடுகள் குறைவு. ஓடும் கம்ப்யூட்டரின் பின்புறத் தகரத்தில் புறங்கையை வைத்தால் எறும்பு ஊர்வது போல் இருக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில், ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாகத் தகரத்துக்கு இரண்டு சிறு கெபாசிட்டர்கள் போகின்றன. எர்த் இருந்தால் அவற்றின் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தகரம் 230 வோல்ட்டில் பாதியளவு, அதாவது சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். அந்த ஊரல் எர்த் செத்துக் கிடப்பதன் அடையாளம். வீட்டு டெஸ்டர் ஃபேஸை மட்டும்தான் காட்டும், எர்த்தைக் காட்டாது. எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய குழி கோடையில் காய்ந்து போயிருக்கலாம், கம்பி எங்காவது அரித்து விட்டுப் போயிருக்கலாம்.

ஆகவே ப்ளக்கைப் பிடுங்குங்கள். மின்னேற்றத்துக்கு என்ன வழி என்று கேட்டால், ஆபத்து வருவது உடம்புக்கும் போர்டுக்கும் உள்ள வேறுபாட்டினால்தான். கேபினட்டின் பெயிண்ட் இல்லாத தகரத்தைத் தொட்டால் நீங்களும் அதுவும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவீர்கள். ஒவ்வொரு முறை எழுந்து போய்த் திரும்பி உட்காரும்போதும் தொடுங்கள். கையில் கட்டும் ஆன்டிஸ்டேடிக் பட்டை இருந்தால் அதன் கிளிப்பையும் அதே தகரத்தில் மாட்டுங்கள். இன்னொன்று: கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தாலும் ப்ளக்கில் மின்சாரம் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் போர்டுக்கு 5 வோல்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே ஓடிய கம்ப்யூட்டரைத் திறக்கிறீர்கள் என்றால், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சம் வடியும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். அதன் பெரிய கெபாசிட்டர்கள் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஆளை அடிக்கும் அளவு மின்சாரத்தை வைத்திருக்கும்.

கேபினட்டுக்கு வெளியே முடிக்க வேண்டியவை

பிராசஸர், ரேம், எம்.2 எஸ்எஸ்டி, சிறிய கூலர் ஆகிய நான்கையும் போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தே பொருத்திவிடுங்கள். இன்டெல் பிராசஸரோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களை அழுத்த நல்ல பலம் வேண்டும். அந்தப் பலத்தைக் கேபினட்டுக்குள் கொடுத்தால் கால்களுக்கு நடுவே போர்டு வளையும். வெளியில் செய்தால், போர்டைத் தூக்கி நான்கு பின்களும் பின்பக்கம் முழுதாக எட்டிப் பார்க்கின்றனவா என்றும் சரிபார்க்கலாம். பெரிய டவர் கூலர் என்றால் அதைக் கடைசிக்கு விடுங்கள். அது ஸ்க்ரூ துளைகளை மறைத்துவிடும்.

குறிப்பு: வெள்ளி நிற ஆன்டிஸ்டேடிக் உறையின் மேல் போர்டை வைத்து மின்சாரம் கொடுக்காதீர்கள். அந்த உறை லேசாக மின்சாரம் கடத்தும். அட்டைப்பெட்டியே போதும்.

பித்தளைக் கால்களின் கணக்கு

வேலையின் உயிர் இங்கேதான். போர்டை இறக்கும் நேரம் இரண்டு நிமிடம் என்றால், கால்களைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் கொடுங்கள். ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை இன்டெல் 1995-இல் கொண்டுவந்தது. 305 × 244 மி.மீ. அளவுள்ள ஏடிஎக்ஸ் போர்டில் பொதுவாக 9 துளைகள் இருக்கும். நம் கடைகளில் அதிகம் விற்கும் மைக்ரோ ஏடிஎக்ஸ் முழு அளவில் 244 × 244 மி.மீ.; அதில் பெரும்பாலும் 8 துளைகள். விலை குறைந்த போர்டுகள் இதைவிட ஒடுங்கியவை, 6 துளைகளோடு நிற்கும். மினி ஐடிஎக்ஸ் 170 மி.மீ. சதுரம், 4 துளைகள். கேபினட்டின் தட்டில் இந்த எல்லா அளவுகளுக்குமான திருகுத் துளைகளும் ஒன்றாகக் கிடக்கும். பக்கத்தில் ஏ, எம், ஐ என்ற ஆங்கில எழுத்துகள் குத்தியிருந்தால் உங்கள் நல்ல நேரம். எழுத்தை மட்டும் நம்பாமல் போர்டை வைத்தே முடிவு செய்யுங்கள்.

ஒரு கால் குறைந்தால் அந்த இடத்தில் போர்டு தாங்கலின்றித் தொங்கும். ஒரு கால் கூடினால் ஆபத்து அதைவிடப் பெரிது. போர்டில் துளை இல்லாத இடத்தின் அடியில் நிற்கும் பித்தளைக் கால், நேராகப் பின்பக்க ஈய முனைகளில் முட்டும். மேலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. கேபினட்டோடு ஏற்கெனவே பொருத்தி வரும் கால்கள் உங்கள் போர்டின் அளவுக்கு என்று வைத்தவை இல்லை. பழைய கேபினட்டில் பழைய போர்டுக்குப் போட்டவையும் அப்படியே நிற்கும். இதைத் தவிர்க்க எளிய வழி காகிதப் படி எடுப்பதுதான்.

1. ஒரு பெரிய காகிதத்தில் போர்டை முகம் மேலே தெரியும்படி வையுங்கள். பின்புறப் போர்ட்டுகள் இருக்கும் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. ஒவ்வொரு துளை வழியாகவும் பால்பாயிண்ட் ரீஃபிலால் புள்ளி வையுங்கள். பென்சில் வேண்டாம், அதன் கிராஃபைட் தூள் மின்சாரம் கடத்தும்.
3. புள்ளிகளை எண்ணி, அந்த எண்ணைக் காகிதத்தின் மூலையில் எழுதுங்கள்.
4. காகிதத்தைக் கேபினட் தட்டின் மேல், போர்ட்டுகள் பக்கம் பின்புறச் சன்னலைப் பார்க்கும்படி விரியுங்கள். எந்தப் புள்ளிக்கு அடியில் எந்தத் திருகுத் துளை வருகிறது என்று பாருங்கள்.
5. அந்த இடங்களில் மட்டும் பித்தளைக் கால்களை விரலால் திருகி, நோஸ் பிளேயரால் கால் சுற்று இறுக்குங்கள்.
6. மற்ற கால்கள் அனைத்தையும் கழற்றி எடுங்கள்.
7. தட்டில் நிற்கும் கால்களை எண்ணுங்கள். காகித மூலையில் எழுதிய எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும்.

சில கேபினட்டுகளில் பித்தளைக்குப் பதிலாகத் தகரமே மேடாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பும் ஒரு கால்தான். அதன் மேல் பித்தளையை ஏற்றினால் அந்த மூலை மட்டும் உயர்ந்து போர்டு முறுக்கிக்கொள்ளும். நடுவில் ஒரு காலுக்கு மட்டும் மரை இல்லாமல் ஆணி போல் முனை நீட்டியிருந்தால், அது போர்டை நழுவாமல் நிறுத்தும் வழிகாட்டி. அதற்கு ஸ்க்ரூ கிடையாது.

பின்புறத் தகடு

போர்டின் பெட்டியில் ஒரு மெல்லிய தகடு வரும். ஐஓ ஷீல்டு என்பார்கள். இதை மறந்து போர்டை முடுக்கிவிட்டால் எல்லாவற்றையும் கழற்றித்தான் போட வேண்டும் என்பதால், "அழகுக்குத்தானே" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. நம் வீடுகளில் அந்தச் சன்னல் பல்லிக்கும் கரப்பானுக்கும் திறந்த வாசல். உள்ளே எஸ்எம்பிஎஸ்ஸின் வெதுவெதுப்பு இருக்கிறது, இருட்டு இருக்கிறது. போர்டின் மேல் செத்த பல்லியின் ஈரமும் ஒரு கடத்திதான். துளை இல்லாத இடத்தில் எதுவும் படக் கூடாது என்ற விதி இங்கும் பொருந்தும். தகட்டை உள்ளேயிருந்து வெளியே தள்ளி, நான்கு மூலைகளும் டக்கென்று விழும்வரை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அழுத்துங்கள். விரலால் அழுத்தினால் வெட்டும். தகட்டின் உள்பக்கம் நீட்டியிருக்கும் சிறு நாக்குகளை லேசாக மேலே வளைத்து வையுங்கள். அவற்றில் ஒன்று நெட்வொர்க் கேபிள் துளைக்குள்ளோ யுஎஸ்பி துளைக்குள்ளோ நுழைந்துவிட்டால் அந்தப் போர்ட் வேலை செய்யாது, யுஎஸ்பியில் ஷார்ட்டும் ஆகலாம். கிராஃபிக்ஸ் கார்டு வராத பின்புற இடைவெளிகளுக்கும் மூடிகளைப் போட்டுவிடுங்கள்.

இறக்கி முடுக்குதல்

1. கேபினட்டைப் படுக்க வையுங்கள். உள்ளே தொங்கும் வயர்களை எல்லாம் வெளியே எடுத்துப் போடுங்கள்.
2. பிராசஸருக்கான 8 முள் (சிலவற்றில் 4 முள்) பவர் வயரை மேல்மூலை வழியாக இப்போதே கொண்டுவந்து வையுங்கள். சிறிய கேபினட்டில் போர்டு இறங்கிய பிறகு அந்த இடுக்கில் கை நுழையாது.
3. காகிதத்தில் எழுதிய எண்ணிக்கையில் (ஆணி போன்ற வழிகாட்டி இருந்தால் ஒன்று குறைத்து) ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் எடுங்கள். ஒவ்வொன்றையும் பித்தளைக் காலில் விரலால் திருகிப் பாருங்கள். மரை இரண்டு வகை: 6-32 என்பது அகன்றது, எம்3 நெருக்கமானது. ஒரு சுற்றிலேயே இறுகினால் அது தவறான ஸ்க்ரூ. வற்புறுத்தினால் பித்தளை மரை தேய்ந்துவிடும்.
4. போர்டின் இரு விளிம்புகளைப் பிடித்துத் தூக்குங்கள். கூலரைப் பிடித்துத் தூக்க வேண்டாம்.
5. போர்ட்டுகள் உள்ள பக்கத்தைச் சாய்வாகத் தகட்டுக்குள் நுழைத்து, பிறகு மறுபக்கத்தை இறக்குங்கள். தட்டின் மேல் இழுத்து நகர்த்தாதீர்கள். பித்தளைக் காலின் விளிம்பு பின்பக்க இழைகளைக் கீறும்.
6. ஒவ்வொரு துளைக்குள்ளும் மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் பித்தளை மின்ன வேண்டும். தகரம் கறுப்பாகத் தெரிந்தால் அங்கே கால் இல்லை. போர்டைத் தூக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.
7. தகட்டின் நாக்குகள் போர்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு கையால் தகட்டின் பக்கம் தள்ளிப் பிடித்தபடி முதல் ஸ்க்ரூவைப் போடுங்கள்.
8. எல்லா ஸ்க்ரூக்களையும் முதலில் அரைகுறையாக மட்டும் திருகுங்கள். பிறகு நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிர் மூலைகளாக இறுக்குங்கள். தலை வளையத்தில் அமர்ந்த பின் ஒரு சிறு அழுத்தம் போதும். ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை உள்ளங்கையால் பிடிக்காமல் மூன்று விரலால் பிடித்துத் திருகினால் அளவு தானாக வரும்.
9. கிண்ணம் காலியாக இருக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூ எங்கே விழுந்தது என்று தெரியவில்லையென்றால், அது கிடைக்கும்வரை மின்சாரம் கிடையாது. கேபினட்டை மெல்லச் சாய்த்துக் குலுக்குங்கள். போர்டுக்கு அடியில் உருளும் சத்தம் கேட்கும்.

நான்கு மூலைக்கு நான்கு ஸ்க்ரூ போட்டால் நிற்காதா என்ற கேள்வி அடிக்கடி வரும். நிற்கும், ஓடவும் செய்யும். ஆனால் ரேமையும் 24 முள் பவர் வயரையும் அழுத்துவது போர்டின் வலது விளிம்பிலும் நடுவிலும்தான். அங்கே தாங்கல் இல்லாமல் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் போர்டு வளைந்தால், அதன் அடுக்குகளுக்குள் ஓடும் நுண்கம்பிகளும் ஈயப் பொட்டுகளும் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். ஆறு துளைகள் மட்டும் உள்ள ஒடுங்கிய போர்டுகளில் வலது விளிம்புக்கு எந்தக் காலுமே கிடையாது. அவற்றில் 24 முள் வயரைச் செருகும்போது இன்னொரு கையின் விரல் நுனிகளை விளிம்புக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆட்சேபம் பழைய ஆட்களிடமிருந்து வரும்: சிவப்புக் காகித வாஷர் போடாமல் ஸ்க்ரூவை நேரடியாக வைத்தால் ஷார்ட் ஆகாதா? துளையைச் சுற்றி உலோக வளையம் இல்லாத பழைய போர்டுகளுக்கு அது தேவைப்பட்டது. இன்றைய போர்டில் வளையமே கிரவுண்டு. அங்கே காகிதத்தைச் செருகினால், சேர வேண்டிய இடத்தை நாமே பிரிக்கிறோம்.

முதல் மின்சாரம்

24 முள், 8 முள் பவர் வயர்கள், பவர் பட்டனின் இரட்டை வயர், மானிட்டர், கீபோர்டு ஆகியவை மட்டும் போதும். பவர் பட்டனின் வயருக்குப் பக்கம் கிடையாது, எப்படிச் செருகினாலும் சரி. விளக்கின் வயருக்கு உண்டு. முன்பக்க யுஎஸ்பி 3 வயரைச் செருகும்போது சாய்க்காதீர்கள், முள் மடங்கும். பக்கக் கதவை மூடாமல் பட்டனை அழுத்துங்கள். ஃபேன் அரைச்சுற்று சுற்றி நின்றுவிட்டால் எஸ்எம்பிஎஸ் ஏதோ ஒரு ஷார்ட்டை உணர்ந்து தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது என்று சந்தேகியுங்கள். மறுபடி மறுபடி அழுத்த வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிப் பவர் வயர்கள் ஆழம் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். போயிருந்தால் போர்டைக் கழற்றி அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, வயர்களைச் செருகி, பவர் பட்டனுக்கான இரண்டு முள்ளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொடுங்கள். அட்டையின் மேல் ஓடி, கேபினட்டுக்குள் ஓட மறுத்தால் போர்டின் மேல் பழி இல்லை. காகிதப் படியை எடுத்துக் கால்களை மறுபடி எண்ணுங்கள்.

கொண்டுபோகும்போது

பொருத்தியதை டூவீலரிலோ பஸ்ஸிலோ கொண்டுபோக வேண்டியிருந்தால், போர்டு கீழேயும் கூலர் மேல்நோக்கியும் இருக்கும்படி கேபினட்டைப் படுக்க வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் கூலரின் எடை போர்டைப் பிடித்துக் கீழே இழுக்கும். கிராஃபிக்ஸ் கார்டையும் பெரிய டவர் கூலரையும் கழற்றித் தனியே எடுத்துப் போங்கள். இறங்கியதும் உடனே ப்ளக்கைச் செருகாமல், பக்கக் கதவைத் திறந்து கூலரின் நான்கு பின்களையும், ரேமின் இரு முனைக் கொக்கிகளையும், 24 முள் வயரையும் ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள்.